காதுக்கான டிஃப்யூஷன் எம்ஆர்ஐ: நான்கு முறைகளைப் பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

இங்கே நான் மதிப்பிடப்போவது எம்ஆர்ஐ இயந்திரத்தை அல்ல. அந்த இயந்திரத்துக்குள் மென்பொருளாகக் குடியிருக்கும், திசுவுக்குள் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் படமெடுப்பு முறைகளை. இயந்திரம் வாங்கப் போகிறவர்கள் காந்தத்தின் வலிமை எத்தனை டெஸ்லா, துளையின் அகலம் எத்தனை, ஒரு நாளில் எத்தனை பேரைப் பார்க்கலாம் என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்பார்கள். காதுப் பகுதிக்கு டிஃப்யூஷன் படத்தை எந்த முறையில் எடுக்கப்போகிறோம் என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதற்கான விலையைப் பின்னர் கொடுத்தோம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கதிரியல் மருத்துவர். எங்கள் ஸ்கேன் மையத்துக்கு அருகிலேயே காது அறுவை மருத்துவம் அதிகம் நடப்பதால், கொலஸ்டியட்டோமா என்ற காதுக் கட்டி உள்ள நோயாளிகள் தொடர்ந்து வருவார்கள். ஒருநாள் காலை, அறுவை அரங்கிலிருந்தே ஓர் அறுவை மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். "டாக்டர், நீங்க எழுதின இடத்துல ஒண்ணும் இல்லீங்க. அதுக்குப் பின்னாடி ஒரு சென்டிமீட்டர் தள்ளி, மாஸ்டாய்டு குழிக்குள்ள உட்கார்ந்திருக்கு. படத்துல அப்படித்தான் தெரிஞ்சுதா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது. கட்டி இருக்கிறது என்று நான் எழுதியது சரி. எங்கே என்று எழுதியதுதான் தவறு. அன்று மாலை அந்தப் படங்களை மீண்டும் திறந்து, பழைய சி.டி. படத்தின் மேல் பொருத்திப் பார்த்தேன். டிஃப்யூஷன் படத்தில் அந்தப் பக்கத்துப் பொட்டெலும்பு முழுவதுமே முன்னோக்கி இழுபட்டிருந்தது. எக்கோ பிளானார் முறையில் எடுத்த படம் அது. அந்த முறையை இனிமேல் எல்லோரும் சொல்வதுபோல இ.பி.ஐ. என்றே குறிப்பிடுகிறேன்.

நோயைப் பற்றிச் சில வரிகள் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. கொலஸ்டியட்டோமா புற்றுநோய் அல்ல. தோல் இருக்கக் கூடாத இடத்தில் தோல் இருப்பதுதான் அதன் சாரம். பெரும்பாலும் செவிப்பறையின் மேற்பகுதி உள்வாங்கி ஒரு சிறு பையாகிறது. அந்தப் பைக்குள் உதிரும் கெரட்டின் என்ற தோல் புரதம் வெளியேற வழியின்றி, அடுக்கடுக்காகச் சேர்ந்து வெண்ணிற உருண்டையாகிறது. அது சுற்றியுள்ள எலும்பை அரிக்கும். முதலில் பட்டடை எலும்பின் நீண்ட கிளை போகும், கேட்கும் திறன் குறையும். பிறகு அரைவட்டக் குழாயின் எலும்புச் சுவர் கரைந்தால் தலைசுற்றல் வரும். முகநரம்பின் உறை கரைந்தால் முகம் கோணும். மேல்கூரை கரைந்தால் அடுத்தது மூளை உறை. மருந்தில் தீராது, அறுவைதான் வழி. காதுக் குழாயின் பின்சுவரை இடிக்காமல் செய்யும் அறுவையில் நோயாளிக்குப் பின்னாளில் வசதி அதிகம், ஆனால் எங்கேனும் ஒரு மூலையில் சிறு துணுக்குத் தோல் மிஞ்சிவிடும் வாய்ப்பும் அதிகம். ஆகவே முன்பெல்லாம் ஓராண்டு வாக்கில் காதை மீண்டும் திறந்து பார்ப்பது வழக்கமாக இருந்தது. திறந்து பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று மூடிய காதுகளும் ஏராளம்.

அந்த இரண்டாவது அறுவையைத் தவிர்க்கலாம் என்ற நம்பிக்கையைக் கொடுத்ததுதான் டிஃப்யூஷன் எம்ஆர்ஐ. சி.டி. படத்தில் எலும்பு அருமையாகத் தெரியும். ஆனால் குழிக்குள் இருக்கும் சாம்பல் நிறப் பொருள் நீரா, வடுத்திசுவா, கொலஸ்டியட்டோமாவா என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. டிஃப்யூஷன் படம் திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைக் காட்டுகிறது. அந்த நகர்வுக்குப் படம் எவ்வளவு கூர்ந்து பதிலளிக்கிறது என்பதைக் குறிக்கும் எண் பி மதிப்பு. அடுக்கடுக்கான கெரட்டினுக்குள் நகர்வு தடைபடுவதால், பி மதிப்பு 1000 வைத்து எடுத்த படத்தில் கொலஸ்டியட்டோமா இருட்டு வானத்தில் ஒற்றை விண்மீன்போல வெளிச்சமாக நிற்கும். நீரும் வடுவும் மங்கிவிடும். ஊசி மருந்து தேவையில்லை. முன்பு மாறுபாட்டு மருந்து செலுத்தி, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருந்து எடுத்த படங்களின் வேலையை இது சில நிமிடங்களில் செய்துவிடுகிறது.

சிக்கல் என்னவென்றால், உடலிலேயே டிஃப்யூஷன் படத்துக்கு மிகவும் பொருந்தாத இடங்களில் ஒன்று காது. காதுக்குப் பின்னால் இருக்கும் மாஸ்டாய்டு எலும்பு தேனடைபோலக் காற்றறைகளால் ஆனது. காற்றுக்கும் திசுவுக்கும் காந்த ஏற்புத்திறனில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் 9 பங்கு வேறுபாடு உண்டு. சொல்லும்போது அற்பமாகத் தோன்றும் இந்த வேறுபாடு, சீராக இருக்கவேண்டிய காந்தப்புலத்தை அந்த எல்லைகளில் வளைத்துவிடுகிறது. எம்ஆர்ஐ ஒரு புள்ளியின் இடத்தை அதன் அதிர்வெண்ணைக் கொண்டுதான் அறிகிறது. புலம் வளைந்தால் அதிர்வெண் மாறும், அதிர்வெண் மாறினால் இயந்திரம் அந்தப் புள்ளியைக் கொண்டுபோய் வேறிடத்தில் வைத்துவிடும்.

இ.பி.ஐ. இந்தத் தவறைப் பெருக்கிக் காட்டுகிறது. பீட்டர் மான்ஸ்ஃபீல்டு 1977-இல் முன்வைத்த இந்த முறையில், ஹைட்ரஜனைத் தூண்டும் ஒரே ஒரு ரேடியோ துடிப்புக்கு (கிளர்ச்சித் துடிப்பு) பிறகு படம் முழுவதற்குமான தரவை ஒரே மூச்சில், வளைந்து வளைந்து செல்லும் ஒரே பாதையில் அள்ளிவிடுகிறார்கள். நோயாளி அசைவதற்குள் படம் முடிந்துவிடும் என்பதால் பக்கவாதத்துக்கு இதைப்போல ஒரு முறை கிடையாது. அதை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒரே மூச்சில் அள்ளும்போது புலப்பிழையும் இடையில் திருத்தப்படாமல் வரிக்கு வரி சேர்ந்துகொண்டே போகிறது. கணக்கு எளிது. படப்பரப்பு 230 மில்லிமீட்டர், வரிக்கு வரி இடைவெளி 0.8 மில்லிவினாடி, அந்த இடத்தில் அதிர்வெண் பிழை 100 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால், மூன்றையும் பெருக்கினால் போதும்: ஃபேஸ் திசையில், அதாவது வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படும் திசையில், 18.4 மில்லிமீட்டர் இடப்பெயர்ச்சி. 1.5 டெஸ்லா இயந்திரத்தில் ஹைட்ரஜன் அதிர்வெண் ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் என்பதால், 100 ஹெர்ட்ஸ் என்பது பத்து லட்சத்தில் ஒன்றரைப் பங்குதான். காற்றறைக்குப் பக்கத்தில் இது மிகச் சாதாரணம். பல சுருள்களின் உதவியோடு குறைந்த வரிகளை மட்டும் அள்ளும் இணைப் படமெடுப்பைக் காரணி 2-இல் வைத்தால் பெயர்ச்சி பாதியாகும், 9 மில்லிமீட்டர். நாம் தேடும் கட்டியோ 3 மில்லிமீட்டர். அறுவை மருத்துவர் சொன்ன அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது இந்தப் பெருக்கலைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகுதான்.

இடம் மாறுவது மட்டுமல்ல. பல இடங்களிலிருந்து பெயர்ந்துவரும் சைகைகள் (சிக்னல்கள்) ஒரே இடத்தில் குவிந்தால், அங்கே வெள்ளைவெளேரென்று ஒரு வளைகோடு தோன்றும். மண்டையோட்டின் அடித்தளத்தில், இரண்டு காதுகளுக்கு மேலும் புருவம்போல நிற்கும் அந்தக் கோட்டைப் பார்த்தே பல ஆண்டு பழகிவிட்ட நமக்கு, அதற்குள் முத்துபோல ஒரு சிறு கட்டி ஒளிந்திருந்தால் கண்ணில் படவே படாது. இல்லாததை இருப்பதாக எழுதவைப்பதும் அதே கோடுதான்.

அந்த நிகழ்வுக்குப் பிறகு, எங்கள் இயந்திரத்தில் இருந்த முறைகளையும், நான் படம் வாசிக்கச் செல்லும் வேறொரு மையத்தில் இருந்த முறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினேன். முதலில் நோயாளிகளை வைத்தல்ல, ஒரு ஜாடியை வைத்து. ஊறுகாய் போடும் அகன்ற வாய்ப் பிளாஸ்டிக் ஜாடி ஒன்றில் தண்ணீரை நிரப்பி, இரு முனையும் அடைத்த விரல் தடிமனுள்ள காலிப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை உள்ளே குறுக்காகச் செருகினோம். குழாயை இயந்திரத் துளையின் நீளத்துக்கு இணையாக வைத்தால் அதைச் சுற்றிப் புலம் அவ்வளவாக வளையாது, எல்லா முறைகளும் தேர்ச்சி பெற்றுவிடும். குறுக்காக வைத்தால்தான் உண்மை வெளிவரும். தண்ணீர் அசையாமல் நிற்க ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். பி மதிப்பு 1000 வைத்து எடுத்த படத்தில் தண்ணீரே மங்கிவிடுமாகையால், நகர்வின் தாக்கம் சேராத பி 0 படத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்த ஜாடியை மேசைமேல் கண்டதும் எங்கள் தொழில்நுட்பர், "சார், இதுக்கு ரிப்போர்ட் யார் பேர்ல?" என்று கேட்டார்.

டிஃப்யூஷன் இல்லாத சாதாரண டி2 எம்ஆர்ஐ படத்தில் குழாயின் குறுக்குவெட்டு நல்ல வட்டம். இ.பி.ஐ. படத்தில் அது நசுங்கிய இலைபோல ஆகி, ஓரத்தில் கண்ணைக் கூசும் வெள்ளைக் கோட்டோடு நின்றது. ஃபேஸ் திசையைத் திருப்பி எடுத்தால் இலையும் திரும்பிக்கொண்டது. புதிய இயந்திரம் பார்க்கப் போகிறவர்கள் செயல்விளக்க நாளில் இப்படியொரு ஜாடியைக் கையோடு கொண்டுபோவது நல்லது. உலோகம் எதுவும் இல்லாமல், மூடி இறுக்கமாக இருந்தால் போதும். பளபளக்கும் மூளைப் படங்களைக் காட்டிப் பேசும் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்கவேண்டிய கேள்விகளை அந்த ஜாடியே கேட்டுவிடும்.

அடுத்தது ரிசால்வ் என்ற பெயரில் பலர் அறிந்த, வாசிப்புத் திசையில் துண்டாக்கிய இ.பி.ஐ. போர்ட்டரும் ஹைடெமானும் 2009-இல் விவரித்த முறை இது. படமாக மாற்றுவதற்கு முன் அளவீடுகள் வரிவரியாகச் சேரும் தரவுவெளியைச் செங்குத்தான பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளர்ச்சிக்கும் ஒரு பட்டையை மட்டும் அள்ளுகிறார்கள்; பட்டை ஒடுக்கமாக இருப்பதால் வரிக்கு வரி இடைவெளி குறைந்துவிடுகிறது. ஒவ்வொரு பட்டையும் வெவ்வேறு நேரத்தில் எடுக்கப்படுவதால், இடையில் மூளை நாடித்துடிப்போடு சற்றே அசைந்தாலும் பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும். அதைச் சரிசெய்ய, பட்டைக்கு ஒரு வழிகாட்டி எதிரொலியையும் (உடலிலிருந்து திரும்பி வரும் சைகை) சேர்த்து எடுத்து, மிகவும் கெட்டுப்போன பட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. படம் கூர்மையாக இருக்கும். பார்வை நரம்பு, தண்டுவடம், மூக்குத் தொண்டைப் பகுதி ஆகியவற்றுக்கு நான் இதையே கேட்டு வாங்குவேன். ஆனால் காதுக்கு? அதே கணக்கைப் போடுங்கள். இடைவெளி 0.34 மில்லிவினாடி, இணைப் படமெடுப்புக் காரணி 2 என்றால், 100 ஹெர்ட்ஸ் பிழைக்கு இடப்பெயர்ச்சி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். பதினெட்டோடு ஒப்பிட்டால் பெரிய முன்னேற்றம்தான். நடுச்செவியின் மேற்குழியோடு ஒப்பிட்டால் இன்னும் பாதிக் குழி. எங்கள் ஜாடியில் வட்டம் முட்டை வடிவமானது, வெள்ளைக் கோடு மெலிந்ததே தவிர மறையவில்லை. ஒரு சென்டிமீட்டர் கட்டியை இந்தப் படத்தை நம்பித் தயங்காமல் எழுதலாம். கூரையை ஒட்டி 3 மில்லிமீட்டரில் ஒரு வெளிச்சம் தெரிந்தால், அது கட்டியா காற்றெல்லையா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. படத்தின் அழகு கண்ணை ஏமாற்றுவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் கூர்மை வேறு, இடத்துல்லியம் வேறு.

எதிர்த் திசைகளில் இரண்டு முறை எடுத்து, இரண்டும் எவ்வளவு விலகுகின்றன என்பதிலிருந்து புலப்பிழையைக் கணித்து மென்பொருளால் திருத்தும் வழியும் உண்டு. 1992-இல் சாங்கும் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் காட்டிய அடிப்படை அது. மூளை ஆய்வாளர்கள் இன்று அதில்லாமல் ஒரு நாளும் நகரமாட்டார்கள். பெருமூளைக்கு அது அருமருந்து. ஒரு படப்புள்ளிக்குள்ளேயே புலம் செங்குத்தாகச் சரியும் காற்றறை எல்லையில், குவிந்துபோன சைகையைப் பிரித்தெடுத்து அதனதன் இடத்தில் சேர்க்க அதனால் முழுமையாக முடிவதில்லை. காதுக்கு என்று இதை நம்பிப் பணம் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

இனி இ.பி.ஐ. அல்லாத முறைகள். இவற்றின் அடிப்படை டர்போ ஸ்பின் எக்கோ. ஒவ்வொரு எதிரொலிக்கும் முன்பு 180 பாகை ரேடியோ துடிப்பு ஒன்று கொடுக்கப்படுவதால், அதுவரை சேர்ந்த புலப்பிழை ஒவ்வொரு முறையும் மடித்துச் சுழியாக்கப்படுகிறது. பிழை சேர்வதற்கு இடமே இல்லை. ஃபேஸ் திசையில் இடப்பெயர்ச்சி இல்லாமலே போகிறது. ஒரு வரியின் நீளவாக்கான வாசிப்புத் திசையில் படப்புள்ளிக்கு 500 ஹெர்ட்ஸ் அகலம் வைத்தால், 100 ஹெர்ட்ஸ் பிழைக்குப் பெயர்ச்சி ஐந்தில் ஒரு புள்ளி. ஜாடியில் வட்டம் வட்டமாகவே இருந்தது. இவ்வளவு நாள் ஏன் இதைச் செய்யவில்லை என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இந்தக் குடும்பத்தில் மூத்தது ஹேஸ்ட் டிஃப்யூஷன். ஒரே கிளர்ச்சியில், தரவுவெளியின் பாதியைச் சற்றுக் கூடுதலாக அள்ளி, மீதியைக் கணக்கால் நிரப்பிக்கொள்கிறது. ஆன்ட்வெர்ப் நகரின் கதிரியலாளர் பெர்ட் டி ஃபூரும் அவருடைய குழுவினரும் இம்முறையை இ.பி.ஐ.யோடு ஒப்பிட்டு 2006-இல் வெளியிட்ட ஆய்வுதான் கொலஸ்டியட்டோமா படமெடுப்பின் போக்கைத் திருப்பியது. அதன் பிறகு இ.பி.ஐ. அல்லாத முறைகளைப் பற்றி வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், உள்ளதைக் கண்டுபிடிக்கும் திறன், இல்லாததை இல்லை என்று சொல்லும் திறன் இரண்டையுமே 90 விழுக்காட்டை ஒட்டிக் கணித்திருக்கிறார்கள். ஹேஸ்ட் படத்தை முதன்முறை பார்ப்பவர் முகம் சுளிப்பார். நீண்ட எதிரொலித் தொடரில் சைகை தேய்ந்துகொண்டே போவதால் எல்லாம் சற்றுக் கலங்கலாக, பழைய தொலைக்காட்சியில் மழை நாளில் தெரிந்த படம்போல இரைச்சலோடு இருக்கும். மூளையைக் காட்டி இதை விற்கவே முடியாது. ஆனால் அந்தக் கலங்கலுக்கு நடுவே ஒரு வெண்புள்ளி நின்றால், அது நிற்கும் இடத்தில்தான் கட்டி இருக்கிறது. எங்களிடம் முதலில் இருந்த நல்ல முறை இதுதான். இயந்திரத்தின் பட்டியலில், எவரும் திறக்காத ஒரு கோப்பில், முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

நான் இப்போது நம்பியிருப்பது புரொப்பெல்லர் வகை. ஜேம்ஸ் பைப் 1999-இல் அறிமுகப்படுத்திய இந்த முறையில், தரவுவெளியின் மையத்தின் ஊடாகச் செல்லும் பட்டை ஒன்றை எடுத்து, மின்விசிறி இறக்கைபோல அதைச் சுழற்றிச் சுழற்றிப் பட்டை பட்டையாக நிரப்புகிறார்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். ஒருவர் புரொப்பெல்லர் என்பார், ஒருவர் பிளேடு, மற்றவர் மல்டிவேன், இன்னொருவர் ஜெட். ஒவ்வொரு பட்டையிலும் மையப் பகுதி இருப்பதால், பட்டைக்குப் பட்டை தலை எவ்வளவு நகர்ந்தது, திரும்பியது என்பதை அந்த மையத்தை வைத்தே அளந்து திருத்திக்கொள்ளலாம். சற்று அசையும் நோயாளிக்கும் படம் கிடைப்பது இதனால்தான். பட்டைகள் எல்லாத் திசையிலும் இருப்பதால், மிச்சமிருக்கும் சிறு பெயர்ச்சியும் ஒரு பக்கமாக இழுக்காமல் சுற்றிலும் லேசான கலங்கலாகப் பரவிவிடுகிறது.

ஒரு நுணுக்கம் உண்டு. வாங்குபவர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. 1950-களில் கார், பர்செல், மெய்பூம், கில் ஆகியோர் வகுத்த ஒரு கட்ட நிபந்தனை (கட்டம் என்பது அலை தன் சுழற்சியில் எங்கே நிற்கிறது என்பது) நிறைவேறினால்தான் டர்போ ஸ்பின் எக்கோவின் எதிரொலிகள் ஒன்றையொன்று அழிக்காமல் வரிசையாக நிற்கும். நீரின் நகர்வை அளக்கப் போடும் டிஃப்யூஷன் சரிவுப்புலங்கள் இயங்கும் சில பத்து மில்லிவினாடிகளில் தலை மயிரிழை அசைந்தாலும் சைகையின் கட்டம் எங்கோ போய்விடுகிறது, நிபந்தனை உடைகிறது, எதிரொலிகள் ஏறியிறங்கித் தேய்கின்றன. திருப்பும் துடிப்புகளின் கட்டத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து இதைச் சமாளிக்கிறார்கள். இந்தச் சமாளிப்பு எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருக்கிறது என்பதில்தான் ஒரு நிறுவனத்தின் முறைக்கும் இன்னொன்றின் முறைக்கும் தரம் மாறுகிறது. பெயர்ப்பலகையைப் பார்த்து முடிவு செய்யாமல், நம் கையாலேயே ஓடவிட்டுப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

குறைகளும் உண்டு. நேரம் எடுக்கும், ஹேஸ்ட் முடித்துக்கொண்டு எழுந்து போகும் நேரத்தில் இது பாதியில்தான் நிற்கும். ஓயாமல் வரும் 180 பாகைத் துடிப்புகளால் உடல் ஏற்கும் ரேடியோ ஆற்றல் கூடுகிறது. இரண்டு 180 பாகைத் துடிப்புகளுக்கு இடையில் ஒன்றுக்குப் பதில் பல தரவு வரிகளை அள்ளிக்கொள்ளும் டிஜிஎஸ்இ பிளேடு என்ற கலப்புமுறை இந்த இரண்டு குறைகளையும் தணிக்கிறது. எங்கள் இயந்திரத்தில் அது இல்லை. நான் படம் வாசிக்கும் மற்ற மையத்தில் இருக்கிறது. அங்கே 3 டெஸ்லாவில் எடுத்த படங்களில் மேல்கூரையை ஒட்டிய இடம்கூடத் துடைத்துவைத்ததுபோல இருந்தது. பொறாமையாகத்தான் இருந்தது.

3 டெஸ்லா என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். "பெரிய காந்தம் இருக்கு, காதுக்கு அங்கேயே எடுத்துடுங்க" என்று அனுப்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். இ.பி.ஐ. முறையிலேயே எடுப்பதானால் பெரிய காந்தம் தீமை. அதே காற்றறை, அதே ஏற்புத்திறன் வேறுபாடு. ஆனால் அதிர்வெண் பிழை இரு மடங்கு, ஆகவே இடப்பெயர்ச்சியும் இரு மடங்கு. டர்போ ஸ்பின் எக்கோ முறைக்கு மாறினால் பெயர்ச்சி போய்விடும். ரேடியோ ஆற்றல் ஏறத்தாழ நான்கு மடங்காகும், இயந்திரம் இடையிடையே ஓய்வு கேட்கும். நல்ல முறை இருக்கும் 1.5 டெஸ்லாவுக்கும் அது இல்லாத 3 டெஸ்லாவுக்கும் இடையில் தேர்ந்தெடுக்கச் சொன்னால், என் சொந்தக் காதை 1.5-க்குள்தான் வைப்பேன்.

முறையை மாற்ற முடியாதவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. காந்தப்புலத்தைச் சீராக்கவேண்டிய பகுதியைக் குறிக்கத் திரையில் வரையும் பெட்டியைத் தலை முழுவதற்கும் விரிக்காமல் இரண்டு பொட்டெலும்புகளையும் தழுவும்படி சுருக்கிப் போடலாம். இணைப் படமெடுப்புக் காரணியைச் சைகை தாங்கும் வரை உயர்த்தலாம். இதனால் இழுப்பு குறையும், நீங்காது. அப்படி எடுத்த படத்துக்கு அறிக்கை எழுதும்போது, எந்த முறையில் எடுத்தது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது அறுவை மருத்துவருக்குச் செய்யும் குறைந்தபட்ச மரியாதை. நான் இப்போது எல்லா அறிக்கையிலும் எழுதுகிறேன்.

நல்ல முறை கையில் இருந்தாலும் வாசிப்பவர் சோம்பினால் பயனில்லை. எங்கள் வழக்கம், முகத்துக்கு இணையான தளத்தில் 2 அல்லது 3 மில்லிமீட்டர் தடிமனில் எடுப்பது. மூளைக்கும் காதுக்கும் இடையிலான கூரை அந்தத் தளத்தில்தான் தெளிவாகப் பிரியும். பி 0 படத்தில் கேட்கும் உறுப்பான நத்தைச் சுருளிலும் அரைவட்டக் குழாய்களிலும் இருக்கும் நீர் வெளிச்சமாகத் தெரியும். அவற்றை அடையாளக் கற்களாக வைத்து சி.டி. படத்தோடு பொருத்திவிட்டு, அதே பொருத்தத்தை மாற்றாமல் பி 1000 படத்துக்குத் தாவினால், வெண்புள்ளி எந்த அறையில் இருக்கிறது என்று எலும்போடு சேர்த்துச் சொல்லலாம். இ.பி.ஐ. படத்தில் இந்தப் பொருத்தமே சாத்தியமில்லை. நத்தைச் சுருளே இடம்மாறி இருக்கும்போது எதை எதோடு பொருத்துவது?

வெளிச்சமெல்லாம் கொலஸ்டியட்டோமா அல்ல என்பதை எந்த முறையாலும் மாற்ற முடியாது. சீழ் வெளிச்சமாகத் தெரியும். அறுவையில் வைத்த எலும்புத் தூள் தெரியலாம். கொலஸ்ட்ரால் கிரானுலோமா தெரியும். டி1 படத்திலும் அது வெளிச்சமாக இருப்பதால் அங்கே பிடிபட்டுவிடும். மறுபக்கம், உள்ளிருந்த கெரட்டின் தானாகவோ, மருத்துவர் உறிஞ்சி எடுத்ததாலோ வெளியேறி வெறும் பை மட்டும் மிஞ்சியிருந்தால், படத்தில் ஒன்றும் தெரியாது. 2 மில்லிமீட்டருக்கும் சிறிய முத்தும் தப்பிவிடும். ஆகவே அறுவைக்குப் பிறகு ஒன்பது மாதமாவது கழித்து எடுத்து, அது சுத்தமாக இருந்தாலும் சில ஆண்டுகளில் மீண்டும் எடுக்கச் சொல்கிறோம். பல்லில் உலோகக் கம்பி கட்டியிருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கு இ.பி.ஐ. படம் அந்தப் பகுதியையே விழுங்கிவிடும். டர்போ ஸ்பின் எக்கோ படம் பெரும்பாலும் தப்பிப் பிழைக்கிறது.

இயந்திரம் வாங்கும்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இயந்திரம் கொடுத்த நிறுவனத்தின் விலைப்பட்டியலில் "டிஃப்யூஷன்" என்ற ஒரு சொல் இருந்தது. அது எல்லாவற்றையும் குறிக்கும் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டோம். அது இ.பி.ஐ.யை மட்டும்தான் குறித்தது என்பதும், புரொப்பெல்லர் வகைக்குத் தனி உரிமம், தனி விலை என்பதும் இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது. பேரம் பேசும் வலிமை எல்லாம் கையெழுத்துக்கு முன்புதான். பின்பு கேட்டால் முழு விலை. நாங்கள் முழு விலை கொடுத்தோம். ஒப்பந்தத்தில் "இ.பி.ஐ. அல்லாத டிஃப்யூஷன், தலைச் சுருளோடு (தலையைச் சுற்றி வைக்கும் சைகை வாங்கி), முகத்துக்கு இணையான தளத்தில், 3 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைந்த தடிமனில்" என்று சொல்லுக்குச் சொல் எழுதிவாங்குங்கள். காது நோயாளி மாதத்துக்கு ஒருவர்கூட வராத மையத்துக்கு ஹேஸ்ட் போதும். அது பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளேயே இருக்கும், தேடிப் பாருங்கள். அறுவை மருத்துவமனையோடு சேர்ந்து இயங்குபவர்கள் புரொப்பெல்லர் வகைக்குச் செலவிடலாம். மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த ஒரு குழந்தைக்குப் படத்தைத் திரும்ப எடுக்க நேராமல் போகும் முதல் நாளிலேயே அந்தச் செலவு உறுத்தாது.

இவ்வளவு செலவுக்குப் பின்னும் எங்களை வாரம் ஒருமுறையாவது ஏமாற்றப் பார்ப்பது காதுக் குரும்பி. அதுவும் கெரட்டின் கலந்ததுதான். பி 1000 படத்தில் அசல் கொலஸ்டியட்டோமாபோலவே ஒளிரும், அதுவும் இம்மியும் இடம் பிசகாமல். இப்போது நோயாளி படுக்கையில் ஏறுவதற்கு முன் தொழில்நுட்பர் ஒரு சிறு விளக்கோடு காதுக்குள் பார்க்கிறார். அடைத்திருந்தால் பக்கத்துக் கட்டடத்துக்கு அனுப்பிச் சுத்தம் செய்துவரச் சொல்கிறோம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிடுகிறார்கள்.